நான் கமிஷன் உறுப்பினரான விதம்

கெஜட்டில் என்னைப் பற்றி வந்தது ஒரு வரி. கீழ்க்கண்டவர்களை உறுப்பினர்களாக நியமிக்க கவர்னர் இசைந்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் போட்டு, வரிசையாக ஐந்து பெயர்கள். நான்காவது பெயர் என்னுடையது. என் மாமனார் அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, "மாப்பிள்ளை" என்று விரலால் காட்டுவார். அப்போதெல்லாம் நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்கு வந்துவிடுவேன்.

கவர்னர் என்னைப் பார்த்ததில்லை. என் பெயரையே அவர் கையெழுத்துப் போடுகிற அந்த ஒரு நிமிஷத்துக்கு முன் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பிறகு எப்படி என் பெயர் அவர் மேஜைக்குப் போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசி கோர்ட்டில் நான் வக்கீலாக இருந்தேன். முப்பத்தெட்டு வயது. அந்த வருஷம் வக்கீல் சங்கத்துக்கு நான் செயலாளர். பெரிய பதவி ஒன்றும் இல்லை. பானையில் தண்ணீர் இருக்கிறதா, பேப்பர் வந்ததா, நாற்காலிக்குக் கால் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. யாரும் விரும்பாததால் எனக்கு வந்தது.

சங்கத்து அறையில் எனக்கு எதிர் மேஜை ஒரு மூத்த வக்கீலுடையது. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர். எனக்கும் அவருக்கும் நேர் போட்டி கிடையாது. நான் பெரும்பாலும் சொத்துப் பாகப்பிரிவினை. அவர் தண்ணீர் வழக்கு. குளத்து மடையை யார் திறக்கலாம், மேல்மடைக்காரன் எத்தனை நாள் தண்ணீர் எடுக்கலாம், கடைமடைக்கு எப்போது விடவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அச்சன்புதூர்ப் பக்கத்து விவசாயிகள் ஒரு கால்வாய்க்காகப் பல வருஷமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால்வாயை அண்ணாச்சி தலை முதல் கடை வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே பார்த்திருக்கிறார். கோர்ட்டில் எதிர்க் கட்சி வக்கீல் "அங்கே ஒரு மடை இருக்கிறது" என்றால், "ரெண்டு மடை இருக்கு, ஒண்ணு கருவேலம் புதருக்குள்ள மறைஞ்சு கெடக்கு" என்பார்.

அப்போது ஒரு செய்தி வந்தது. கால்வாய், குளத்துத் தண்ணீர்த் தகராறுகளை விசாரித்து யோசனை சொல்ல மாநில சர்க்கார் ஒரு கமிஷன் அமைக்கப் போகிறது. ஐந்து உறுப்பினர்கள். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் தலைவர். ஒரு என்ஜினீயர், ரெவின்யூவில் இருந்த ஒருவர், விவசாயிகள் சார்பில் ஒருவர், ஒரு வக்கீல். ஊர் ஊராகப் போய் ஜனங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். வக்கீல் தெற்கத்தி ஆளாக இருந்தால் நல்லது என்று மெட்ராஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செக்ரடேரியட்டிலிருந்து கலெக்டருக்குக் கடிதம், கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு. தாசில்தார் என்ன செய்வார்? வக்கீல் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தகுதியான பேரு சொல்லுங்க சார்" என்றார்.

நான் யோசிக்காமல் அண்ணாச்சியின் பெயரைச் சொன்னேன். இதை எழுதும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. என் வாயிலிருந்து முதலில் வந்தது அவர் பெயர்தான்.

"ஒரு பேரை மட்டும் அனுப்பினா மேல இருந்து திருப்பி அனுப்பிருவாங்க. மூணு பேராவது இருக்கணும்" என்றார் தாசில்தார்.

மூன்றாவதாக, கண் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருந்த ஒரு பெரியவர் பெயரை எழுதினேன். அவர் வரமாட்டார் என்று எனக்கும் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. பேனா கையில் இருந்தது. சும்மா ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதானே என்று என் பெயரை எழுதினேன். தாசில்தார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மூன்று வீட்டுக்கும் வந்து விசாரித்தார். எந்தக் கட்சியிலாவது பொறுப்பு உண்டா, வழக்கு ஏதும் உண்டா, உடம்பு எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அண்ணாச்சி மறுநாள் என்னிடம், "என்னவே, எம்பேரை எழுதிக் குடுத்தீராமே? எனக்கு எதுக்குவே இதெல்லாம்?" என்றார். ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அன்றைக்கே பீரோவிலிருந்து பழைய கால்வாய் வரைபடங்களை எடுத்துத் தூசி தட்டினார். அவருக்கு ஆசை இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

எனக்கும் அதற்குள் ஆசை வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு என் மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "கெடைச்சா மெட்ராசுக்குப் போவணுமோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தது. கமிஷன் மெம்பர் என்று பெயருக்குக் கீழே அச்சடித்த தாள், ஜீப், கலெக்டர் எழுந்து நின்று வரவேற்பது. கோர்ட்டில் வாய்தா வாங்க நிற்கும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. என் மாமனாருக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா உண்டு. மெட்ராஸிலிருந்து அந்தக் கமிஷனை அமைக்கிற இலாகாவின் மந்திரி குடும்பத்தோடு வந்து நான்கு நாள் அதில் தங்கினார். வேண்டியதைப் பார்த்துக்கொள்ள என்னை அங்கே இருக்கச் சொன்னார் மாமனார். மந்திரி நல்ல மனிதர்தான். அதிகாரம் காட்டவில்லை. காலையில் அருவிக்குக் குளிக்கப் போகும்போது, "நீங்களும் வாங்களேன்" என்றார்.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் தலையில் தாளம் போடுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். நான் இடுப்பில் துண்டோடு பக்கத்தில் நின்றேன். தண்ணீர் அன்றைக்கு அதிகம். சத்தம் காதை அடைத்தது.

"அந்தத் தண்ணி கமிஷனுக்கு உங்க ஊர்லேருந்து மூணு பேர் வந்திருக்கு" என்றார் மந்திரி, கண்ணை மூடியபடி. "உங்க பேரும் இருக்கு, இல்ல?"

"ஆமாங்கய்யா."

"முதல் பேரு ஒருத்தர் இருக்காரே, ஆள் எப்படி? கலெக்டர் ரொம்ப நல்லா எழுதியிருக்கார். அவரையே போட்டுடலாம்னு நினைக்கிறேன்."

"ரொம்ப நல்லவருங்கய்யா. கால்வாய் விவகாரம்னா எங்க பக்கத்துல அவருதான்" என்றேன்.

அதோடு வாயை மூடியிருந்தால் நான் இன்றைக்கு வேறு மனிதன்.

இரண்டு நாள் முன்னால் சங்கத்து அறையில் அண்ணாச்சி ஏதோ தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை கூப்பிட்டும் நிமிரவில்லை. மூன்றாவது தடவைதான் "ஆங்?" என்றார். படிப்பில் மூழ்கினால் அவர் அப்படித்தான், எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது எனக்கு எங்கிருந்து ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

"இப்போ காதுதான் கொஞ்சம் மந்தமா இருக்கு" என்றேன்.

அருவி இரைச்சலில் மந்திரிக்கு அது விழவில்லை. "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

நான் பல தடவை நினைத்துப் பார்த்தது இந்த இடத்தைத்தான். முதல் தடவை வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கேட்கவில்லை. "ஒண்ணுமில்லைங்கய்யா" என்றால் முடிந்தது. நான் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்க் கத்தினேன்.

"காதுங்கய்யா! அவருக்குக் காது சரியாக் கேக்காது!"

எண்ணெய் தேய்க்கிறவர் கை ஒரு கணம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

"அடடா" என்றார் மந்திரி. "ஜனங்க சொல்றதைக் கேக்குற வேலையாச்சே."

"அதுதாங்கய்யா யோசனையா இருக்கு" என்றேன். அப்புறம் அருவியில் போய் நின்றேன்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. என் சம்மதம் கேட்டு ஒரு கடிதம் வந்தது; அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஃபைல் இலாகாச் செயலாளரிடம் போய், மந்திரியிடம் போய், மந்திரி சபை ஒப்புக்கொண்டு, கவர்னரிடம் போனது. எந்த இடத்திலும் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. எழுத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது.

செய்தியைப் பேப்பரில் முதலில் பார்த்தவர் அண்ணாச்சி. பேப்பரை மடித்துக் கையில் பிடித்தபடி காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "வே, வாரும் வெளியே! மெம்பர் சார்!" என்று வாசலிலிருந்தே சத்தம். நான் வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வரும்னு கொஞ்சம் நெனப்பு இருந்துது, இல்லேன்னு சொன்னா பொய்யி" என்றார். "ஆனா யோசிச்சுப் பாத்தா இதுதான் சரி. நீரு சின்ன வயசு, அலையலாம். நம்ம ஊருக்கு வந்துட்டுதே, அது போதும்."

சாயந்திரம் கால்வாய் வரைபடங்களைச் சுருட்டி ஒரு பையில் போட்டு, என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

சங்கத்தின் சார்பில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஏற்பாடு முழுவதும் அண்ணாச்சிதான். அதே மந்திரி அன்றைக்குப் புளியறைப் பக்கம் ஏதோ விழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் கால் மணி நேரம் வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேடையில் ஐந்து நாற்காலிகள். வரிசையாக நிறுத்தி மந்திரிக்கு அறிமுகம் செய்தார்கள். அண்ணாச்சியின் முறை வந்தது. பெயரைச் சொன்னதும் மந்திரியின் முகத்தில் ஞாபகம் வந்ததைப் பார்த்தேன்.

மந்திரி இரக்கத்தோடு அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து, அவர் காதில், ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"உங்களைத்தான் போடறதா இருந்தோம்! காது சரியில்லேன்னு சொன்னாங்க! வைத்தியம் பாக்குறீங்களா?"

அண்ணாச்சி மந்திரியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு கணக்கு கூட்டி விடை வந்தவர் மாதிரி பார்த்தார்.

அப்புறம் உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஆமாங்கய்யா, வைத்தியம் நடந்துக்கிட்டு இருக்கு" என்றார்.

அன்றைக்கு அவர் வாழ்த்துரை சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சித் தாளில் இருந்தது. சொன்னார். சுருக்கமாக, நன்றாக. நான் ஏற்புரை சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை ஞாபகமில்லை.

நான் மெட்ராஸ் போனேன். தலைவரோடும் மற்றவர்களோடும் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றினேன். எல்லா ஊரிலும் ஜனங்கள் வந்து நின்று சொன்னார்கள், நாங்கள் கேட்டோம். ஊருக்கு எப்போதாவது வருவேன். சங்கத்து அறைக்குப் போகாமல் தவிர்த்தேன்.

எங்கள் கமிஷன் தென்காசிக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை. அச்சன்புதூர்ப் பக்கத்து விவசாயிகள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களோடு வந்த வக்கீல் அண்ணாச்சி இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த யாரோ ஒருவர். கால்வாயைப் பார்த்ததே இல்லை என்பது அவர் பேச ஆரம்பித்த உடனேயே தெரிந்தது. தலைவர் மடை எண்ணிக்கை கேட்டதற்கு, ஒன்று என்றார்.

இடைவேளையில் அந்த விவசாயிகளில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் அண்ணாச்சி வரலே?" என்று கேட்டேன்.

"அவுகளுக்குக் காது கேக்காதாமே சாமி. மந்திரியே சொல்லிட்டுப் போனாராம்லா" என்றார் அவர். "ஜட்ஜு ஒண்ணு கேட்டு அவுக ஒண்ணு சொல்லிட்டா எங்க பாடு என்னத்துக்கு ஆவும்? மனசு கேக்கல. ஆனாலும் ஆளை மாத்திட்டோம்."

அதற்கு மேல் விசாரித்ததில் மற்றதும் தெரிந்தது. புதிதாக வந்த முன்சீப் அண்ணாச்சி எழுந்தாலே குரலை உயர்த்திப் பேசுவாராம். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வக்கீலிடம் போய்விட்டார்கள்.

விசாரணை முடிந்ததும் நடந்தே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "வாரும்" என்றார். மதினிதான், அவர் மனைவியைத்தான் அப்படிக் கூப்பிடுவேன், சந்தோஷமாக ஓடி வந்தார்.

"வாங்க தம்பி, மெட்ராசு போனதும் எங்களையெல்லாம் மறந்தாச்சு" என்றவர், காபியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். "நீங்களாவது சொல்லுங்க. இவுகளுக்குக் காது கேக்கலேன்னு ஊரெல்லாம் சொல்லுதாக. அடுப்படியில நான் முணுமுணுக்கது இவுகளுக்குக் கேக்குது. கோயிலுக்குப் போனா, 'ஐயாவுக்கு எப்படி இருக்கு'ன்னு ஆளாளுக்குக் கேக்காக. எந்தப் பாவி இப்படிக் கெளப்பி விட்டான்னு தெரியல. அவன் நல்லாவா இருப்பான்?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடு ஆறுது, குடிங்க" என்றார் மதினி.

குடித்தேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில்கூட என் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விடைபெற்றுக் கிளம்பினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை கூட வந்தார். அங்கே நின்று நான் கேட்டேன்: "அண்ணாச்சி, அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார். "சொன்னா மாலையோட நிக்கீரு, அத்தனை பேரு முன்னால என்னவே ஆவீரு? ஒரு நாளைக்கு மூடி வைப்போம், மறுநாள் நீரே வந்து சொல்லுவீருன்னு நெனச்சேன். மறுநாள் வரலே. சரி, அடுத்த வாரம்னு நெனச்சேன். வருசம் ஆயிட்டுவே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்டச் சொல்லாண்டாம். எனக்குத்தான் தெரியுமே. முன்சீப்கிட்டப் போயிச் சொல்லும். அந்த விவசாயிங்ககிட்டப் போயிச் சொல்லும்."

போனேன். மறுநாள் காலையில் முன்சீப்பை அவர் அறையில் பார்த்தேன். கமிஷன் உறுப்பினர் என்பதால் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அந்த மரியாதையில் உட்கார்ந்த பிறகு எனக்கு நிஜத்தைச் சொல்ல மனம் வரவில்லை. "நம்ம அண்ணாச்சிக்குக் காது இப்போ முழுசாக் குணமாயிட்டுது சார். மெட்ராஸ் டாக்டர் ஒருத்தர் வைத்தியம்" என்றேன். முன்சீப் ரொம்ப சந்தோஷப்பட்டார். விவசாயிகளுக்கும் அதையே சொல்லி அனுப்பினேன்.

அது ஊருக்குள் பரவி அண்ணாச்சியின் காதுக்குப் போயிருக்கும். அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. சில கட்சிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. கமிஷன் அறிக்கையில் அந்தக் கால்வாய்க்கு இரண்டு மடை என்று நான் வற்புறுத்தி எழுத வைத்தேன். அண்ணாச்சியின் வரைபடத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அறிக்கை மெட்ராஸில் எங்கோ அலமாரியில் இருக்கிறது.

கமிஷன் காலம் முடிந்து தென்காசிக்குத் திரும்பி, அதே அறையில் அதே மேஜையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி என்னோடு பேசாமல் இல்லை. வாய்தா எப்போது, மழை எப்படி என்று பேசுவார். ஆனால் உரிமையோடு 'வே' போட்டுப் பேசுவதை விட்டுவிட்டார். "வாங்க சார், உக்காருங்க சார்" என்பார். அந்த சாரைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

அறுபதுகள் முடிவதற்கு முன்பே அவர் மாரடைப்பில் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அவருடைய சட்ட ஞானத்தைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் நிறையப் பேசினேன். முன் வரிசையில் மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அருவியில் நின்றதிலிருந்து. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "இதை அந்த அக்காகிட்டப் போயிச் சொல்லுங்க" என்றாள்.

"சரி" என்றேன்.

மதினி அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு தெரு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் கொடுத்தனுப்புவார். கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் நின்று, "தம்பி, நல்லா இருக்கீகளா?" என்று கேட்பார். நன்றாக இருப்பதாகச் சொல்வேன்.